ஐஸை ருசி பார்க்கவும்

போன மாதம் ஒரு காலை நேரத்தில் பிரவீன் என்ற தம்பி போன் செய்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சிக் கழகத்தில், என்னுடைய அதே எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் இப்போது அவர் பயிற்றுநர். பழைய அலமாரி ஒன்றைக் காலி செய்தபோது தட்டச்சு செய்த செய்முறைத் தாள் ஒன்று கிடைத்ததாம். வெப்பநிலையை அளக்கும் சென்சரை எப்படிச் செய்வது, எப்படிச் சரிபார்ப்பது என்று படிப்படியாகச் சொல்லும் தாள். அடியில் என் பெயர் இருந்ததால் யார் யாரையோ கேட்டு என் எண்ணைப் பிடித்திருக்கிறார்.

"மேடம், எல்லா ஸ்டெப்பும் ஓகே. ஃபர்ஸ்ட் லைன் மட்டும் புரியல. 'ஐஸை ருசி பார்க்கவும்'னு இருக்கு. பக்கத்துல இங்க்ல 'எல்'னு ஒரு லெட்டர். ஜோக்கா மேடம்?"

"ஜோக் இல்லப்பா."

"இப்ப உள்ள சேஃப்டி ரூல்ஸ்ல லேப்ல எதையும் வாயிலயே வைக்கக் கூடாது மேடம். இந்த ஷீட்ட வச்சு புதுசு போடப் போறோம். அந்த லைன எடுத்துடலாமா?"

உடனே 'எடுத்துடுங்க' என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். ஒரு வரியை எடுக்க ஒரு வாரமா என்று அந்தத் தம்பி சிரித்தார். பாவம், அந்த வரி எப்படி வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குச் சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் லிட்டில் இந்தியாவில், பஃபலோ ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் வளர்ந்தவள். பதினெட்டு வயதில் ரேடியோ தொழிற்சாலையில் சேர்ந்தேன், மாலை வகுப்பில் படித்தேன், டெக்னீஷியன் ஆனேன். எழுபதுகள் முடியும் சமயம், ஜூரோங் பக்கம் இருந்த அந்தப் பயிற்சிக் கழகத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள், போய்ச் சேர்ந்தேன். படித்த கதை இவ்வளவுதான். இதற்கு மேல் நீட்டினால் எனக்கே கொட்டாவி வரும்.

பிரிவுத் தலைவர் மிஸ்டர் கோ. ஐம்பதைத் தாண்டியவர். கப்பல் பட்டறையில் கருவிகள் பழுதுபார்த்துப் பழகிய கை. வெள்ளை அரைக்கைச் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தெர்மாமீட்டர், உலோகக் குழாய்க்குள் பத்திரமாக இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை, சீனப் புத்தாண்டு முடிந்து வேலை தொடங்கும் முதல் நாளில், அவரே தண்ணீர் காய்ச்சி ஐஸ் உறையவைத்து அந்தத் தெர்மாமீட்டரைச் சரிபார்ப்பார். யாருக்கும் இரவல் தரமாட்டார். என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார், அதுவும் எண்ணி எண்ணி. அவர் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். இரண்டு சொற்களை மட்டும் தமிழாக்க மனம் வரவில்லை. "ஷோ மீ." எதைச் சொன்னாலும் இதுதான் பதில். சர்க்யூட் வேலை செய்கிறது சார் என்றால், ஷோ மீ. வேலை செய்யவில்லை சார் என்றாலும், ஷோ மீ.

முதல் நாள் என்னை மேசை முன்னால் உட்காரவைத்து, உள்ளங்கையில் ஒன்றை வைத்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு மணி. அதிலிருந்து இரண்டு கம்பிகள். தெர்மிஸ்டர் என்று பெயர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், குளிரக் குளிரக் கூடும். இது புத்தகத்தில் நான் படித்ததுதான். அவர் அந்தக் கம்பிகளை ஒரு மீட்டரில் மாட்டி, "ஊது" என்றார். ஊதினேன். முள் நகர்ந்தது. "நிறுத்து" என்றார். முள் மெல்லத் திரும்பி வந்தது. விரல் நுனிகளால் மணியைப் பிடிக்கச் சொன்னார். முள் விறுவிறுவென்று போய் ஓர் இடத்தில் நின்றது.

"அது நீ" என்றார் மிஸ்டர் கோ.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ரேடியோவில் குரல் வருவதைக் கூட நான் இப்படிப் பார்த்ததில்லை. அந்தக் கடுகுக்குக் கண் இல்லை, காது இல்லை, ஆனால் என் சூடு அதற்குத் தெரிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, நான் பீடத்து மெழுகுவத்தியைப் பார்த்து, அந்த மணியை அதன் பக்கத்தில் கொண்டுபோனால் முள் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா தொடையில் கிள்ளிய பிறகுதான் எழுந்து நின்றேன்.

மிஸ்டர் கோவின் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும், கதை அதில்தான் போய் முடியப்போகிறது. பதிவேட்டில் அளவுகளை இங்க்கில்தான் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. அடியில் இருக்கும் எண் தெரியவேண்டும். பக்கத்தில் கையெழுத்து, தேதி. நான் புதிதில் ஒரு தடவை வெள்ளை மையைத் தடவி மேலே அழகாகச் சரியான எண்ணை எழுதிவைத்தேன். அவர் மேசையிலிருந்து பிளேடை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கால் மணி நேரம் அந்த வெள்ளையைச் சுரண்டினார். அடியில் இருந்த எண் தெரிந்ததும் என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எனக்கு வேண்டியது இது. நீ எங்கே தவறினாய் என்று தெரிந்தால்தான் அடுத்தவன் தவறமாட்டான்."

காது மடல் சுட்டது. அதற்குப் பிறகு வெள்ளை மை பாட்டிலை நான் தொட்டதே இல்லை.

எண்பதுகளின் நடுவில் எங்களிடம் ஒரு தனி வகுப்பு வந்தது. ஜூரோங் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களை வெள்ளிக்கிழமை மதியத்தில் அனுப்பிவைப்பார்கள். பன்னிரண்டு பேர். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் கலந்து. பல வருடம் ஆப்பரேட்டராக உட்கார்ந்தவர்களை டெக்னீஷியன் ஆக்குவது திட்டம். அது ஆட்குறைப்புக் காலம். வகுப்புக்கு வந்தவர்கள் வேடிக்கைக்கு வரவில்லை.

அவர்களில் ஒருவர் லெட்சுமி அக்கா. ஜூரோங் பக்கத்துப் பூன் லேயில் குடும்பம், வயது நாற்பது. எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார், இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிற்று. பதின்மூன்று வருடம் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் ஒட்டியவர். நாங்கள் எல்லாரும் தெர்மிஸ்டர் கம்பியில் பயந்து பயந்துதான் ஈயம் வைப்போம். சூடு அதிகம் பட்டால் மணி கெட்டுவிடும். லெட்சுமி அக்கா சோல்டரிங் அயர்னை எடுத்தார், வைத்தார், அவ்வளவுதான். ஈயம் ஒரு பனித்துளி மாதிரி உட்கார்ந்திருந்தது. மற்ற பெண்கள் எழுந்துவந்து சுற்றி நின்று பார்த்தார்கள். நானும்தான். சொல்லிக்கொடுப்பவள் நான், வாயைப் பிளந்தவளும் நான்.

ஆனால் ஆங்கிலத்தில் சூத்திரம் எழுதிப் போட்டால் அவர் முகம் சுருங்கும். வகுப்பு முடிந்து தமிழில் ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் அப்படி விளக்கிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். "எங்க லைன மூடப் போறாங்க டீச்சர். இந்த சர்ட்டிபிகேட் இருக்கிறவங்கள மட்டும் டெஸ்ட் ரூமுக்கு எடுத்துக்குவாங்களாம். மத்தவங்களுக்கு லெட்டர்தான்."

"உங்க வீட்டுக்காரர் வேலையில இருக்காருல்ல?"

"ஷிப்யார்டு. அவருக்கு போன மாசமே லெட்டர் வந்துடுச்சு."

சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து அடுத்த கணக்கைக் காட்டினார். அழவில்லை, அலுத்துக்கொள்ளவும் இல்லை.

இனி ஐஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொருவரும் ஒரு சென்சர் செய்யவேண்டும். தெர்மிஸ்டர் மணியைக் காலிப் பேனாக் குழாயின் நுனியில் வைத்து, தண்ணீர் புகாமல் பசையால் அடைத்து, வயரை மீட்டர் பெட்டிக்குக் கொண்டுவர வேண்டும். மீட்டரின் முகத்தில் அட்டை ஒட்டி, டிகிரிக் கோடுகளைக் கையாலேயே வரைவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி வரை, மேலே ஐம்பது வரை. இந்த முள் எங்கே நின்றால் பூஜ்யம் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஐஸ். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீருமாகக் குடுவையில் போட்டு, சென்சரை அமுக்கி, முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, சின்னத் திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் வைக்கவேண்டும். பிறகு வெந்நீரில், தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு, ஐம்பதை வைக்கவேண்டும். இடையில் உள்ளதெல்லாம் இந்த இரண்டையும் நம்பித்தான் நிற்கிறது.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். பின்னே? உருகுகிற ஐஸ் எங்கே உருகினாலும் பூஜ்யம்தான். லண்டனில் உருகினாலும் மதுரையில் உருகினாலும் எங்கள் தேக்கா மார்க்கெட்டில் உருகினாலும் அதே சூடு. யாரும் அதற்குச் சட்டம் போடவில்லை, ஆனால் அது மீறுவதில்லை. ஜூரோங்கில் ஒரு மேசை மேல் இருக்கும் குடுவைக்குள் உலகத்துக்கே பொதுவான ஒரு புள்ளி இருக்கிறதே என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் அடங்கமாட்டேன் என்கிறது. "தெர்மாமீட்டர் பொய் சொல்லும், மீட்டர் பொய் சொல்லும், டீச்சர்கூடப் பொய் சொல்லலாம். ஐஸ் பொய் சொல்லாது" என்று பெரிய ஆள் மாதிரி வகுப்பில் சொல்வேன்.

அந்தத் தவணையில் கழகத்தின் ஐஸ் இயந்திரம் கெட்டுப்போயிற்று. நான் கொண்டுவருகிறேன் என்று முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போனேன். மிஸ்டர் கோ ஒரு கேள்விதான் கேட்டார். "சுத்தமான ஐஸா?"

"சுத்தம் சார்."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது, மீன்தான். தவக்காலம் தவிர மற்ற வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடலாம் என்று கோயிலில் தளர்த்திய பிறகும் அம்மா தளர்த்தவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை காலையில் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குவது என் வேலை. வழக்கமாக வாங்குவது காதர் நானா கடையில். அன்றைக்கு மீனோடு ஐஸும் வேண்டும் என்றேன். "அள்ளிக்குங்க டீச்சரம்மா" என்று பெட்டியைத் திறந்துவிட்டார். மேலே மீன் படாத பக்கமாகப் பார்த்து, வெள்ளை வெளேரென்று இருந்த நொறுக்கு ஐஸாக அள்ளி, குளிர்பெட்டியில் அடைத்து, மீனை வீட்டில் கொடுத்துவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜூரோங்குக்கு பஸ் ஏறினேன்.

அன்று மதியம் லெட்சுமி அக்கா வரவில்லை. லைன் மூடுவதைப் பற்றித் தொழிற்சாலையில் கூட்டம். மற்ற பதினொரு பேரும் சென்சரைக் குடுவையில் வைத்தார்கள். தெர்மாமீட்டரையும் வைத்தோம். அது பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு டிகிரி காட்டியது. இன்னொன்றை வைத்தேன். அதுவும் இரண்டு. நான்கு தெர்மாமீட்டரும் கீழே இரண்டு.

நான்கு பேர் ஒரே மாதிரி சொன்னால் என்ன ஏது என்று கேட்கவேண்டாமா? எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தெர்மாமீட்டர்கள் புதிதாக வந்திறங்கியவை, மலிவுச் சரக்கு என்று எனக்கு முதலிலேயே அவற்றின் மேல் இளக்காரம். "பாத்தீங்களா, தெர்மாமீட்டர் பொய் சொல்லுது, ஐஸ் சொல்லாது" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன், 'தெர்மாமீட்டரில் இரண்டு டிகிரி கூட்டிக்கொள்ளவும்.' பதினொரு பேரும் அப்படியே கூட்டி, பூஜ்யத்தையும் ஐம்பதையும் வைத்தார்கள். பதிவேட்டில் இங்க்கில் எழுதினோம்.

திங்கட்கிழமை காலையில், மதிய ஷிப்டுக்கு முன்னால், லெட்சுமி அக்கா தனியாக வந்து தன் சென்சரைச் சரிபார்த்துவிட்டுப் போனார். நான் வேறு வகுப்பில் இருந்தேன். ஐஸை கேண்டீனில் குளிர்பானம் விற்கும் தண்ணீர்க் கடைக்காரரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். கரும்பலகையை அதற்குள் துடைத்துவிட்டார்கள். அவர் செய்முறைத் தாளில் இருந்தபடி மட்டும் செய்திருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தேர்வு. மறுபடியும் மீன், மறுபடியும் காதர் நானா, மறுபடியும் பஸ். பன்னிரண்டு சென்சர்களையும் ஒரு குச்சியைச் சுற்றிக் கட்டி, பெரிய குடுவையில் ஒன்றாக இறக்கினேன். மேசையில் பன்னிரண்டு மீட்டர்கள் வரிசையாக. முட்கள் எல்லாம் சேர்ந்து இறங்கின. அந்தக் காட்சியே ஒரு அழகு. பதினொரு முட்கள் பூஜ்யத்தில் நின்றன. லெட்சுமி அக்காவுடையது பூஜ்யத்தைத் தாண்டி, கீழே இரண்டில் நின்றது.

அரை டிகிரிக்குள் இருந்தால்தான் தேர்ச்சி. இவருக்கு இரண்டு.

"அக்கா, பேட்டரி பாருங்க."

பார்த்தார். மாற்றினார். இரண்டு. இணைப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். இரண்டு. வெந்நீருக்கு மாற்றினோம். பதினொரு முட்களும் ஐம்பதில். அவருடையது நாற்பத்தெட்டில். நான் பேனாவைத் திறந்து, எண்களைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினேன். மூன்று மணிக்கு மிஸ்டர் கோ கையெழுத்துப் போட வருவார். திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் பெயர்ப் பட்டியல் போகும். எண் எண்தானே.

"டீச்சர், என்னுது சரின்னு தோணுது" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "பதினோரு பேரும் தப்பு, நீங்க ஒருத்தர் சரியா?"

இதை எல்லார் முன்னாலும், நாற்பது வயதுப் பெண்ணிடம் சொன்னேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் மிஸ்டர் கோ மேலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு வருவார்.

லெட்சுமி அக்கா கோபப்படவில்லை. வெந்நீரில் நின்ற தெர்மாமீட்டரைக் குனிந்து பார்த்தார். "இதுவும் நாப்பத்தெட்டுத்தான் காட்டுது."

"அது ரெண்டு குறைச்சு காட்டும்கா. ரெண்டு கூட்டணும்."

"யாரு சொன்னா?"

"நான்தான். ஐஸ்ல வச்சுப் பாத்தேன்."

"திங்கக்கிழம நானும் ஐஸ்லதான் வச்சேன் டீச்சர். அப்ப பூஜ்யம் காட்டிச்சே."

"அது எப்படிக் காட்டும்?"

"காட்டிச்சுலா. அப்ப ரெண்டு ஐஸ்ல ஒண்ணு சரியில்ல."

நான் சிரித்தேன். ஐஸ் சரியில்லையாம். அவர் சிரிக்கவில்லை. நேராகப் போய் என் குளிர்பெட்டியைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்தார். மேலே போட்டிருந்த வேலைக் கோட்டில் ஒரு தடவை துடைத்தார். குழம்பில் உப்பு பார்ப்பதுபோல நாக்கில் வைத்தார்.

"அக்கா! லேப்ல எதையும் வாயில வைக்கக் கூடாது!" அந்த நேரத்தில் எனக்கு வந்த வார்த்தை அதுதான்.

"டீச்சர்" என்றார், "உப்பு."

வாசலில் மிஸ்டர் கோ நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் பெட்டியருகே வந்து, "ஷோ மீ" என்றார். லெட்சுமி அக்கா ஒரு துண்டை நீட்டினார். அந்த மனிதர், யாரும் சிரித்துப் பார்த்திராத அந்த மனிதர், நாக்கை நீட்டி ஐஸை நக்கினார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து தன் தெர்மாமீட்டரை எடுத்தார். அது வெளியே வந்து நான் பார்த்தது புத்தாண்டு முடிந்த நாட்களில் மட்டும்தான். என் ஐஸில் வைத்தார். கீழே இரண்டு. கேண்டீனிலிருந்து தண்ணீர்க் கடை ஐஸ் வந்தது. அதையும் ருசி பார்த்தார். வேறு குடுவையில் போட்டு, தெர்மாமீட்டரை வைத்தார். பூஜ்யம். குச்சியோடு பன்னிரண்டு சென்சர்களையும் அதற்குள் இறக்கினார்.

முட்கள் நகர்ந்தன. பதினொன்று பூஜ்யத்துக்கு மேலே இரண்டில் நின்றன. லெட்சுமி அக்காவின் முள் வந்து, பூஜ்யக் கோட்டின் மேல் படிந்தது. அவர் கையால் வரைந்த கோடு அது, முள்ளின் அகலத்துக்குச் சரியாக இருந்தது.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? வெட்கம் இருந்தது, நிறையவே. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இருந்தது. பதினொரு முள்ளும், ஒரு டீச்சரும், நான்கு தெர்மாமீட்டரைப் பற்றி டீச்சர் சொன்ன தீர்ப்பும் ஒரு பக்கம். குடும்பத்தின் சோறு பணயமாக இருக்க, இந்த அம்மா இன்னொரு பக்கம், தான் ஒட்டிய ஒரு கடுகை நம்பி நின்றார். கடுகும் அவரைக் கைவிடவில்லை.

மிஸ்டர் கோ என்னைத் திட்டவில்லை. பதிவேட்டை என் பக்கம் நகர்த்தி, பேனாவை அதன் மேல் வைத்தார்.

மீன்காரர் மேல் போடலாம், ஐஸ் இயந்திரத்தின் மேல் போடலாம் என்று மனது ஒரு நொடி ஓடியது. சுத்தமா என்று கேட்டதற்குச் சுத்தம் என்று சொன்னது என் வாய். உட்கார்ந்து கோடு போட்டேன். பதினொரு வரிகள், பதினொரு கோடுகள், பதினொரு கையெழுத்துகள். முந்தைய வாரத்துப் பக்கத்திலும் அப்படியே. லெட்சுமி அக்காவின் வரிக்கு வந்தபோது பேனா நின்றது. கீழே இரண்டு, மேலே நாற்பத்தெட்டு. அந்த உப்பு ஐஸுக்கும் அந்த வெந்நீருக்கும் அவை இரண்டும் உண்மையான அளவுகள். அந்தப் பக்கத்தில் கோடு விழாத வரி அது ஒன்றுதான்.

அவரிடம் ஒரு கேள்வி கேட்கும்படி மிஸ்டர் கோ என்னிடம் சொன்னார். பதினொன்று வேறு மாதிரி காட்டியபோது உனக்குப் பயமாக இல்லையா?

லெட்சுமி அக்கா தமிழில் பதில் சொன்னார். "பயம்தான் சார். ஆனா நான் பதிமூணு வருஷம் லைன்ல பாத்தவ. ஒரு ட்ரேல எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கும். அந்த ஒண்ண தூக்கிப் போடச் சொல்வாங்க. முக்கால்வாசி நேரம் தூக்கிப் போடறது சரிதான். சில நேரம் மெஷின் செட்டிங் மாறிப்போய் மத்ததெல்லாம் தப்பா வந்திருக்கும், அந்த ஒண்ணுதான் பழைய செட்டிங்ல வந்த நல்ல பீஸ். அதனால தூக்கிப் போடறதுக்கு முன்னாடி மெஷினப் போய் பாப்பேன். இங்க மெஷின் எதுன்னு யோசிச்சேன். ஐஸ்தான்."

இதை மிஸ்டர் கோவுக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டியவள் நான்தான். வாக்கியம் வாக்கியமாகச் சொன்னேன். நான் வகுப்பில் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைவிட அது நல்ல பாடமாக இருந்தது. மிஸ்டர் கோ அவரைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். லேசாகத்தான், ஆனால் எல்லாரும் பார்த்தோம்.

மற்ற பதினொரு பேரும் தண்ணீர்க் கடை ஐஸில் பூஜ்யத்தைத் திரும்ப வைத்து, மாலை ஐந்து மணிக்குள் முடித்தார்கள். பன்னிரண்டு பேரும் தேர்ச்சி. திங்கட்கிழமை பட்டியல் போயிற்று.

மறுநாள் காதர் நானா கடைக்குப் போய், ஐஸில் உப்பு போடுவீர்களா என்று கேட்டேன்.

"கல்லுப்பு தூவாம இறால் கெடாம நிக்குமா டீச்சரம்மா? உப்பு பட்டா ஐஸ் இன்னும் குளிரும்ல, தெரியாதா?"

"ஏன் நானா சொல்லல?"

"நீங்க கேக்கலயே. ஐஸ் மீனுக்கு வச்சிருக்கேன், படிப்புக்கா வச்சிருக்கேன்?"

உப்பு பட்டால் ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பது எனக்குத் தெரியாததா? புத்தகத்தில் படித்தேன், பரீட்சையில் எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். வெள்ளை வெளேரென்று இருந்ததைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. மீன்காரர் மறக்கவில்லை.

சில மாதம் கழித்து பூன் லே பஸ் நிறுத்தத்தில் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். ஆப்பரேட்டர்களின் இளஞ்சிவப்புக் கோட்டு இல்லை, டெக்னீஷியன்களின் நீலக் கோட்டு. டெஸ்ட் ரூமில் சேர்த்துவிட்டார்களாம்.

"புது மெஷின் வந்துச்சு டீச்சர். இன்ஜினியர் சரியாத்தான் இருக்குன்னாரு. ஷோ மீன்னு சொல்லிட்டேன்லா."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பஸ்ஸை விட்டுவிட்டோம்.

அந்தத் தேர்வுக்கு அடுத்த வாரமே மிஸ்டர் கோ செய்முறைத் தாளைப் புதிதாகத் தட்டச்சு செய்தார். முதல் வரி, 'ஐஸை ருசி பார்க்கவும்.' பக்கத்தில் இங்க்கில் ஓர் எழுத்தைப் போட்டார், லெட்சுமியின் 'எல்'. அடியில் என் பெயரைப் போட்டார். ஏன் சார் என் பெயர் என்று கேட்டேன். கற்றுக்கொண்டது நீ தானே என்றார். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வகுப்பிலும் முதலில் நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வேன், பிறகுதான் குடுவை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒரு வாரம் முடிந்ததும் பிரவீனுக்குப் போன் செய்து, இதையெல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "ஆனா மேடம், சேஃப்டி ரூல்..." என்று இழுத்தார்.

"ரூல் ரூல்தான்பா. எடுத்துடுங்க" என்றேன். "ஆனா அழிக்காதீங்க. ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்துல உங்க கையெழுத்தப் போடுங்க."

நேற்று அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். முதல் வரியின் மேல் நேராக ஒரு கோடு, பக்கத்தில் அவருடைய கையெழுத்து, தேதி. அதற்கடியில் அவரே ஒரு வரி எழுதியிருந்தார், 'ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்கவும்.' நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோட்டுக்கு அடியில் லெட்சுமி அக்காவின் வரி ஒரு எழுத்து விடாமல் படிக்க முடிந்தது.